ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாறிய வழக்கு: எதிருரைக்கான கடைசி நாளில் நேரும் பிழைகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

அமெரிக்காவில் ஒருவர்மீது மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்படும்போது, அந்த வழக்கு ஃபெடரல் சட்டத்தின்கீழ் எழுந்ததாக இருந்தாலோ, இரு தரப்பினரும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து கோரப்படும் தொகை 75,000 டாலரைத் தாண்டினாலோ, பிரதிவாதி அதைப் பெரும்பாலும் அந்தப் பகுதியின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். இதற்கு எந்த நீதிபதியிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை; மாற்ற அறிவிப்பு என்னும் ஆவணத்தைக் காரணங்களுடன் தாக்கல் செய்து, 405 டாலர் கட்டணத்தைச் செலுத்தினால் வழக்கு நகர்ந்துவிடும். நகர்த்துவது இவ்வளவு எளிதாக இருப்பதால், நகர்த்தியவுடன் பெரிய வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. உண்மையில் அந்த நிமிடத்திலிருந்துதான் எதிருரைக்கான, அதாவது வாதியின் வழக்குரைக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலுக்கான, மிகக் குறுகிய காலக்கெடு ஒன்று ஓடத் தொடங்குகிறது.

டெக்சாஸில் ஒரு சட்ட அலுவலகத்தில் வழக்குகளின் நாட்களைக் கணக்கிட்டுக் குறித்துவைக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்த ஒரு இடத்தில் திரும்பத் திரும்பக் கண்ட குழப்பங்களை, அவை வெளியே தெரியும் அறிகுறிகளின் வரிசையில் இங்கே எழுதுகிறேன். சிறு நிறுவனம் நடத்துபவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஃபெடரல் நீதிமன்றத்தில் நிறுவனம் தன் சார்பில் தானே வாதாட முடியாது, உரிமம் பெற்ற வழக்கறிஞர் வழியாகத்தான் முன்னிலையாக முடியும் என்பதை உச்ச நீதிமன்றம் 1993இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆகவே உங்கள் நிறுவனத்தின் பெயரில் வழக்கு வந்திருந்தால், கீழே உள்ள கணக்கை உங்கள் வழக்கறிஞரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் எண்ணத் தொடங்குமுன்

நான்கு தேதிகளை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வழக்குரையின் நகல் எந்த வழியிலாவது முதன்முதலாக உங்கள் கைக்கு வந்த நாள். சம்மன் சட்டப்படி உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாள், அதாவது நம் ஊர் நீதிமன்றங்களில் சார்வு என்று சொல்கிறார்களே அது நடந்த நாள். மாற்ற அறிவிப்பு ஃபெடரல் நீதிமன்றத்தில் தாக்கலான நாள். மாநில விதியின்படி எதிருரை தாக்கல் செய்ய வேண்டியிருந்த கடைசி நாள். மூன்றாவது தேதி, ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்களுக்கான பேசர் இணையதளத்தில் இறக்கும் ஆவணத்தின் தலைப்பகுதியில் அச்சாகியிருக்கும். வழக்கறிஞர் கையொப்பமிட்ட தேதியும் தாக்கலான தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதால், தலைப்பகுதியில் உள்ளதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வெவ்வேறு கணக்குகள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன என்பதை மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வழக்கை மாற்றுவதற்கான 30 நாள் கணக்கு, அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் 1446ஆம் பிரிவிலிருந்து வருகிறது. எதிருரைக்கான கணக்கு, ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதிகளில் 81(சி)(2) என்னும் விதியிலிருந்து வருகிறது. ஒன்று நீட்டிக்கப்பட்டால் மற்றொன்று தானாக நீளாது. எதிருரைக்கு வாதியின் வழக்கறிஞர் பெருந்தன்மையாக ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார், ஆகவே வழக்கை மாற்றுவதற்கும் ஒரு மாதம் கூடிவிட்டது என்று நினைத்தவர்கள் மாற்றும் உரிமையையே இழந்திருக்கிறார்கள்.

அறிகுறி: "வழக்கை மாற்றிவிட்டோம், இனி 21 நாள் புதிதாகத் தொடங்குகிறது" என்று யாரோ சொல்கிறார்கள்

இதுவே மிகவும் அடிக்கடி வரும் பிழை, விளைவிலும் இதுவே மோசமானது. ஃபெடரல் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கப்படும் வழக்கில் சம்மன் சார்வான நாளிலிருந்து 21 நாட்கள் கிடைக்கும் என்பது உண்மைதான். மாநில நீதிமன்றத்திலிருந்து மாறி வந்த வழக்கில், அந்த 21 நாள் மாற்றிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. மாநில நீதிமன்றத்தில் நீங்கள் நகலைப் பெற்ற நாளிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வழக்கை மாற்றியதால் நின்று திரும்பத் தொடங்குவதும் இல்லை.

விதி சொல்வது இதுதான். வழக்கு மாறுவதற்கு முன் எதிருரை தாக்கல் செய்யாத பிரதிவாதி, மூன்று காலங்களைத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றுள் எது கடைசியாக முடிகிறதோ அதற்குள் எதிருரையோ பிற ஆட்சேபங்களோ தாக்கல் செய்ய வேண்டும். சார்வு மூலமாகவோ வேறு வழியிலோ வழக்குரையின் நகலைப் பெற்றதிலிருந்து 21 நாட்கள் என்பது முதலாவது. சார்வு நடந்த நேரத்தில் ஏற்கெனவே நீதிமன்றத்தில் தாக்கலாகியிருந்த வழக்குரைக்கான சம்மன் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 21 நாட்கள் என்பது இரண்டாவது. மாற்ற அறிவிப்பு தாக்கலானதிலிருந்து 7 நாட்கள் என்பது மூன்றாவது.

நாட்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். 2025 செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமையன்று டெக்சாஸில் ஒரு கடைக்காரரிடம் வழக்குரையும் சம்மனும் சேர்ந்தே சேர்ப்பிக்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு காலங்களும் செப்டம்பர் 23, செவ்வாயன்று முடிகின்றன. வழக்கறிஞர் சுறுசுறுப்பாகச் செயல்பட்டுச் செப்டம்பர் 8, திங்களன்றே வழக்கை மாற்றினால் ஏழு நாள் கணக்கு 15ஆம் தேதியோடு முடிந்துவிடும். நீண்டதே செல்லும் என்பதால் கடைசி நாள் 23. செப்டம்பர் 19, வெள்ளியன்று மாற்றினால் ஏழு நாள் கணக்கு 26ஆம் தேதி வரை நீள்கிறது, ஆகவே கடைசி நாள் 26. மாற்றுவதற்கான கடைசி நாளான அக்டோபர் 2 வரை இழுத்து அன்றுதான் மாற்றினால், எதிருரை அக்டோபர் 9க்குள் வந்தாக வேண்டும். புதிதாக 21 நாள் என்று நம்பியவர் இந்த மூன்றாவது நிலையில் அக்டோபர் 23 வரை காத்திருப்பார். இரண்டு வாரத் தாமதம் என்பது வாதி டிஃபால்ட் கேட்பதற்கு, அதாவது பிரதிவாதி பதில் தராமல் தவறிவிட்டார் என்று பதியக் கேட்பதற்குத் தாராளமான அவகாசம்.

பழைய கையேடுகளையோ பழைய மாதிரிப் படிவங்களையோ பார்த்து 20 நாள், 5 நாள் என்று எழுதியிருப்பவர்களும் உண்டு. அவை 2009 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முந்தைய எண்கள்.

அறிகுறி: ஃபெடரல் கணக்கில் வரும் தேதி மாநிலக் கணக்கில் இருந்ததைவிட முன்னதாக வருகிறது

கணக்கில் தவறு இல்லை; அப்படித்தான் வரும். மாநில விதிகள் பல இடங்களில் ஃபெடரல் விதியைவிடத் தாராளமானவை. கலிபோர்னியாவில் எதிருரைக்கு 30 நாட்கள் உண்டு. டெக்சாஸில் சார்வு நடந்து 20 நாட்கள் கழிந்தபின் வரும் அடுத்த திங்கட்கிழமை காலை 10 மணி என்ற விசித்திரமான கணக்கு உண்டு. மேலே சொன்ன கடைக்காரருக்கு 20ஆவது நாள் செப்டம்பர் 22, அதுவே ஒரு திங்கட்கிழமை. விதி "அடுத்த திங்கள்" என்று சொல்வதால் மாநிலக் கெடு செப்டம்பர் 29 காலை 10 மணிக்குப் போய்விடுகிறது. வழக்கைச் செப்டம்பர் 8இல் மாற்றியவர் 29ஐ விட்டுவிட்டு 23ஐத் தனக்கு வாங்கிக்கொண்டார் என்பதே இதன் பொருள்.

வழக்கை மாற்றுவதற்கு முன்பாக இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுவது நல்லது. அவசரமாக மாற்றுவதில் தவறில்லை, ஆனால் மாற்றும் நாளன்றே எதிருரையின் வரைவும் பாதியாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அலுவலகத்தில் மாற்ற அறிவிப்புக்கான வேலை ஒருவரிடமும் எதிருரைக்கான வேலை இன்னொருவரிடமும் இருக்கும்போதுதான் இந்தத் தேதி இருவர் கையிலும் படாமல் நழுவுகிறது.

அறிகுறி: வழக்கை மாற்ற 30 நாள் இருக்கிறது, ஆனால் மாநில எதிருரைக் கெடு அதற்குள் முடிந்துவிடும்

இது டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் இயல்பாகவே எழும் இடைவெளி. ஃப்ளோரிடாவில் எதிருரைக்கு 20 நாட்கள்தான். நம் கடைக்காரர் அக்டோபர் 2 வரை வழக்கை மாற்றலாம், ஆனால் செப்டம்பர் 29 காலை 10 மணிக்குமேல் எதிருரை இல்லை என்றால் மாநில நீதிமன்றத்திலேயே வாதி டிஃபால்ட் தீர்ப்புக் கேட்கலாம். நம் ஊரில் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்று சொல்வதற்கு நெருக்கமான நிலை இது. அப்படி ஒரு தீர்ப்பு வந்தபின் வழக்கை மாற்றினால், அந்தத் தீர்ப்பும் வழக்கோடு சேர்ந்தே ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு மாறியதாலேயே அது கரைந்துவிடாது.

இதற்குத் தீர்வு இரண்டில் ஒன்று. 29ஆம் தேதிக்கு முன் வழக்கை மாற்றிவிடலாம். அல்லது மாநில நீதிமன்றத்திலேயே எதிருரை தாக்கல் செய்துவிட்டு, பிறகு 30 நாளுக்குள் மாற்றலாம். வெறுமனே எதிருரை தாக்கல் செய்வதால் மாற்றும் உரிமை பொதுவாகப் போய்விடுவதில்லை. டெக்சாஸில் ஒரே பத்தியில் எல்லாவற்றையும் மறுக்கும் பொது மறுப்பு போதும் என்பதால், பல வழக்கறிஞர்கள் இந்த வழியையே எடுக்கிறார்கள். அப்படித் தாக்கல் செய்துவிட்டு மாறி வந்த வழக்கில் மீண்டும் எதிருரை எழுத வேண்டியதில்லை, நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே எழுத வேண்டும். ஆயினும் ஃபெடரல் விதி ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே பதில் சொல்வதை எதிர்பார்க்கிறது என்பதால், அந்தப் பொது மறுப்பை விரைவில் திருத்தி எழுதிவிடுவது நல்லது.

ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். டெக்சாஸ் நீதிமன்றத்துக்கு உங்கள்மீது ஆள்வழி அதிகாரமே (உங்களை அங்கே இழுத்து விசாரிக்கும் அதிகாரமே) இல்லை என்ற வாதம் உங்களுக்கு இருந்தால், அதை மாநில நீதிமன்றத்தில் வேறு எதையும் தாக்கல் செய்வதற்கு முன்பே உரிய மனுவாக எழுப்ப வேண்டும். சாதாரண மறுப்பை முதலில் போட்டுவிட்டால் அந்த வாதம் போய்விடும், வழக்கை மாற்றியபின் அதை உயிர்ப்பிக்கவும் முடியாது. மாறாக, மாநிலத்தில் எதுவும் தாக்கல் செய்யாமல் வழக்கை மாற்றியவருக்கு அந்த வாதம் அப்படியே இருக்கிறது: வழக்கை மாற்றுவதாலேயே அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் வாபாஷ் ரயில்வே வழக்கில் 1896இலேயே சொல்லியிருக்கிறது.

அறிகுறி: கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறையில் விழுகிறது

ஃபெடரல் விதி 6இன்படி, நிகழ்வு நடந்த நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். நடுவில் வரும் சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். கடைசி நாள் மட்டும் சனி, ஞாயிறு அல்லது சட்ட விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலைநாளுக்கு நகரும். ஏழு நாள் என்பதை ஏழு வேலைநாள் என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு.

எடுத்துக்காட்டாக, 2025 நவம்பர் 20, வியாழனன்று மாற்ற அறிவிப்பு தாக்கலானால் ஏழாவது நாள் நவம்பர் 27, நன்றி நவிலும் நாள். அது தேசிய விடுமுறை என்பதால் கெடு 28, வெள்ளிக்கு நகர்கிறது. டெக்சாஸில் அந்த வெள்ளியும் மாநில விடுமுறை. ஒரு நிகழ்வுக்குப் பின் முன்னோக்கி எண்ணும் காலங்களில் நீதிமன்றம் இருக்கும் மாநிலத்தின் விடுமுறையும் கணக்கில் சேரும் என்பதால், விதியின் எழுத்துப்படி டிசம்பர் 1, திங்கள் வரை நேரம் இருக்கிறது. ஆனாலும் நான் நாட்குறிப்பில் 26ஆம் தேதியைத்தான் எழுதுவேன். மின்னணு முறையில் தாக்கல் செய்ய அந்த நீதிமன்றத்தின் நேரப்படி நள்ளிரவு வரை இடமிருக்கிறது என்றாலும், ஒரு மாநில விடுமுறைப் பட்டியலை நம்பி வாடிக்கையாளரின் வழக்கைத் தொங்கவிடுவதற்கு அவசியமே இல்லை.

அஞ்சலில் வந்ததால் 3 நாள் கூடுதலாக உண்டு என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். அந்த மூன்று நாள் சலுகை, வழக்கு நடக்கும்போது தரப்பினர் ஒருவருக்கொருவர் அனுப்பும் ஆவணங்களுக்கானது, சம்மனுக்கானது அல்ல. ஏழு நாள் கணக்கோ தாக்கலான நாளிலிருந்து ஓடுவது; அதற்கும் அஞ்சலுக்கும் தொடர்பே இல்லை.

அறிகுறி: வழக்குரையின் நகல் மின்னஞ்சலில் வந்தது, சம்மன் இன்னும் வரவில்லை

மாற்றுவதற்கான 30 நாள் கணக்கில் இதற்கு உறுதியான விடை இருக்கிறது. மர்ஃபி பிரதர்ஸ் வழக்கில், அலபாமாவில் வாதி 1996 ஜனவரி 29 அன்று வழக்குரையின் நகலைத் தொலைநகலில் அனுப்பினார். சட்டப்படியான சார்வு பிப்ரவரி 12 அன்றுதான் நடந்தது. பிரதிவாதி மார்ச் 13 அன்று வழக்கை மாற்றினார். தொலைநகலிலிருந்து எண்ணினால் 44 நாள், சார்விலிருந்து எண்ணினால் சரியாக 30 நாள். சம்மன் இல்லாமல் மரியாதைக்காக அனுப்பப்பட்ட நகல் கடிகாரத்தைத் தொடங்காது, முறையான சார்வே தொடங்கும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

எதிருரைக் கணக்கிலும் "சார்வு மூலமாகவோ வேறு வழியிலோ" என்ற அதே சொற்கள் இருப்பதால்தான் தயக்கம் வருகிறது. ஏழாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் மேடிசன் நகரம் தொடர்பான ஒரு வழக்கில், சார்வு நடக்காத பிரதிவாதிக்கு எதிருரைக் கடமை தொடங்குவதில்லை என்ற கருத்தையே எடுத்தது, மர்ஃபி தீர்ப்பின் தர்க்கமும் அதே திசையில்தான் போகிறது. ஆகவே சார்வே நடக்காதவருக்குத் தன்மீது டிஃபால்ட் வந்தால் எதிர்த்து நிற்க நல்ல அடித்தளம் உண்டு. ஆனால் நாட்குறிப்பில் எழுதும் தேதியை அந்த வாதத்தின்மேல் கட்டக் கூடாது. நகல் கிடைத்த நாளிலிருந்து 21, மாற்றிய நாளிலிருந்து 7, இவற்றில் பிந்தியதை எழுதிவையுங்கள். அல்லது வாதியின் வழக்கறிஞரிடம் முறையான சார்வு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஃபெடரல் விதி 4இன்படி அப்படிச் செய்பவருக்கு, வேண்டுகோள் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்கள் கிடைக்கும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு 90. வாதிக்குச் சம்மன் செலவு மிச்சம், உங்களுக்கு நேரம் மிச்சம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு அமெரிக்க வழக்கை எதிர்கொள்பவருக்கு இந்த 90 நாள் சிறிய விஷயம் அல்ல.

அறிகுறி: பிரதிவாதிகள் பலர், ஆளுக்கொரு தேதி வருகிறது

தேதிகள் வேறுபடத்தான் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தன் சொந்தச் சார்வு நாளிலிருந்து 21 எண்ணப்படும். மாற்ற அறிவிப்பிலிருந்து எண்ணும் 7 மட்டுமே எல்லோருக்கும் பொது. மாற்றுவதற்கான 30 நாளும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓடும் என்பதை 2011இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம் தெளிவாக்கியது. ஏற்கெனவே சார்வு பெற்ற அனைவரும் வழக்கை மாற்றுவதற்கு இசைவு தர வேண்டும், பிந்திச் சார்வு பெற்றவர் மாற்றும்போது முந்தியவர் தன் 30 நாள் முடிந்திருந்தாலும் இசையலாம். இசைவு தந்துவிட்டு, வழக்கை மாற்றியவர் எல்லோருக்கும் சேர்த்து எதிருரை போட்டுவிடுவார் என்று சும்மா இருப்பவர்தான் இதில் மாட்டிக்கொள்பவர்.

அறிகுறி: வழக்கு மாறியபின்னும் மாநில நீதிமன்றத்தில் உத்தரவுகள் வருகின்றன

மாற்ற அறிவிப்பின் நகலை மாநில நீதிமன்றக் கிளார்க்கிடம் தாக்கல் செய்தார்களா என்று முதலில் பாருங்கள். ஃபெடரல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டு, எதிர்த் தரப்புக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டு, இந்த மூன்றாவது படியை மறந்திருப்பார்கள். அதுவும் நடந்தால்தான் மாநில நீதிமன்றம் வழக்கை நிறுத்த வேண்டிய நிலை வரும். எல்லாம் சரியாக நடந்தபின் மாநில நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவுகள் செல்லாது என்பதை, புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் மீண்டும் சொன்னது. இரண்டு இடங்களிலும் ஒரே நாளில் தாக்கல் செய்துவிடுவதே இதற்கு மருந்து.

அறிகுறி: வாதி கூடுதல் அவகாசம் தந்திருந்தார், அது செல்லுமா என்று தெரியவில்லை

இந்த அவகாசம் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாநில நீதிபதி உத்தரவாகப் பிறப்பித்திருந்தால், வழக்கு மாறிய பிறகும் அந்த உத்தரவு ஃபெடரல் நீதிமன்றம் மாற்றும்வரை நடப்பில் இருக்கும் என்று அதே 28ஆம் தலைப்பின் 1450ஆம் பிரிவு சொல்கிறது. இரு வழக்கறிஞர்களுக்கிடையே மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்ட புரிந்துணர்வாக மட்டும் இருந்தால், அது வழக்கோடு சேர்ந்து மாறும் என்று நம்பி உட்கார வேண்டாம்; அதே நாளில் ஃபெடரல் நீதிமன்றத்தில் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும் முறை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கலிபோர்னியாவின் வடக்கு மாவட்டத்தில், நீதிமன்றம் ஏற்கெனவே குறித்த நாட்களைப் பாதிக்காத வரையில், தரப்பினர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலே எதிருரைக் கெடு நீளும். மத்திய மாவட்டத்தில் மொத்தம் 30 நாள் வரையிலான நீட்டிப்புக்கு நீதிபதியின் ஒப்புதல் தேவையில்லை. பிற இடங்களில் மனுவும் உத்தரவும் தேவைப்படலாம் என்பதால், அந்த மாவட்டத்தின் உள்ளூர் விதிகளைத் திறந்து பார்க்காமல் எந்த நீட்டிப்பையும் நாட்குறிப்பில் ஏற்றக் கூடாது. நம் ஊர் நீதிமன்றங்களில் போய் நின்று வாய்தா வாங்கிப் பழகியவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். இங்கே கெடு முடியுமுன் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், முடிந்தபின் கேட்டால் விளக்கம் கேட்கிறார்கள்.

அறிகுறி: வாதி வழக்கைத் திருப்பி அனுப்பக் கோரியிருக்கிறார், அல்லது வழக்குரையைத் திருத்தியிருக்கிறார்

திருப்பி அனுப்பக் கோரும் மனு எதிருரைக் கடிகாரத்தை நிறுத்தாது. நடைமுறைக் குறைகளைச் சுட்டும் அத்தகைய மனுவை வாதி 30 நாளுக்குள் போட வேண்டும், இந்த வகை வழக்கை விசாரிக்க ஃபெடரல் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்ற வாதத்தை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். இரண்டிலும் நீதிமன்றம் முடிவெடுக்க மாதங்கள் ஆகும், உங்கள் ஏழு நாளோ 21 நாளோ அதற்காகக் காத்திருக்காது. எதிருரைக்குப் பதிலாகத் தள்ளுபடி கோரும் மனுவை உரிய கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் எதிருரைக் கெடு நகரும். அந்த மனு தோற்றால், நீதிமன்றத்தின் முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 14 நாள்.

வாதி வழக்குரையைத் திருத்தினால், பழைய கெடுவில் மிச்சமிருக்கும் நாட்கள், திருத்திய வழக்குரை சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாள், இவ்விரண்டில் பிந்தியது செல்லும். திருத்தத்தில் ஃபெடரல் சட்டம் சார்ந்த கோரிக்கைகளை வாதி முற்றாக நீக்கிவிட்டாரா என்றும் படித்துப் பாருங்கள். நாய், பூனைகளுக்கான உணவைப் பற்றிய ராயல் கேனின் வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னபடி, வாதி அவற்றை நீக்கிவிட்டால், எஞ்சிய மாநிலக் கோரிக்கைகளை அவற்றோடு ஒட்டியவை என்ற அடிப்படையில் ஃபெடரல் நீதிமன்றம் தொடர்ந்து விசாரிக்க முடியாது. தரப்பினர் வெவ்வேறு மாநிலத்தவர் என்பது போன்ற வேறு அடிப்படை இல்லையென்றால் வழக்கு மாநிலத்துக்கே திரும்பும். திரும்பும்வரை 14 நாள் கணக்கு உங்கள்மேல்தான் இருக்கிறது.

அறிகுறி: கணக்குப் பார்த்தால் கெடு ஏற்கெனவே கடந்துவிட்டது

வழக்கின் பதிவேட்டைத் திறந்து, கிளார்க் டிஃபால்ட் பதிந்துவிட்டாரா என்று உடனே பாருங்கள். எந்தப் பதிவும் இல்லையென்றால், வாதியின் வழக்கறிஞரை அன்றே தொலைபேசியில் அழைத்து இசைவு கேட்டு, எதிருரையை இணைத்துக் காலநீட்டிப்பு மனுவைத் தாக்கல் செய்யுங்கள். கெடு கடந்தபின் கேட்பவர் மன்னிக்கத்தக்க கவனக்குறைவு என்பதை நிறுவ வேண்டும். 1993இன் பயனியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, எதிர்த் தரப்புக்கு நேரும் பாதிப்பு, தாமதத்தின் அளவு, அதன் காரணம், நன்னம்பிக்கை ஆகியவை எடைபோடப்படும். விதியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பது மட்டும் பொதுவாக நல்ல காரணமாக ஏற்கப்படுவதில்லை என்று அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. ஆகவே எத்தனை நாளில் பிழையைக் கண்டீர்கள், கண்டவுடன் எத்தனை மணி நேரத்தில் செயல்பட்டீர்கள் என்பதை உறுதிமொழி ஆவணத்தில் தேதியோடு எழுதுங்கள். இரண்டு நாள் தாமதத்துக்கும் இரண்டு மாதத் தாமதத்துக்கும் இடையே நீதிபதிகள் பார்க்கும் வேறுபாடு மிகப் பெரியது.

டிஃபால்ட் பதிவாகிவிட்டது, ஆனால் தீர்ப்பு வரவில்லை என்றால், விதி 55(சி)இன்கீழ் போதிய காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். வேண்டுமென்றே செய்ததா, வாதிக்குப் பாதிப்பு உண்டா, வழக்கில் உங்களுக்குப் பொருட்படுத்தத்தக்க எதிர்வாதம் இருக்கிறதா என்பவையே வழக்கமாகப் பார்க்கப்படும். மன்னிப்பை மட்டும் மூன்று பக்கம் எழுதிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் பலர். எதிர்வாதத்தின் உண்மைகளைச் சான்றோடு சொல்லாத மனு பலவீனமானது. தீர்ப்பே வந்துவிட்டால் விதி 60(பி)தான் வழி, அங்கே தவறு, கவனக்குறைவு போன்ற காரணங்களுக்கு ஓராண்டு என்ற வெளி எல்லை உண்டு, தாண்ட வேண்டிய படியும் உயரமானது.

அறிகுறி: ஃபெடரல் நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது, எதிருரை எங்கும் தாக்கலாகவில்லை

இப்போது ஃபெடரல் விதியை மூடிவைத்துவிட்டு மாநில விதியைத் திறக்க வேண்டும். டெக்சாஸில் விதி 237ஏ இதைக் கையாள்கிறது: திருப்பி அனுப்பும் உத்தரவின் சான்றிட்ட நகல் மாநிலக் கிளார்க்கிடம் தாக்கலானதாக அறிவிப்புப் பெற்ற நாளிலிருந்து 15 நாட்கள். ஃபெடரல் நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் எதிருரை தாக்கல் செய்திருந்தால், திரும்பி வந்த வழக்கில் அவர்மீது டிஃபால்ட் தீர்ப்பு வழங்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. கலிபோர்னியாவில் இதற்குரிய பிரிவு, மாநில நீதிமன்றம் வழக்கைத் திரும்பப் பெற்ற நாளிலிருந்து 30 நாட்கள் தருகிறது. ஒரு மாநிலத்தில் அறிவிப்புக் கையில் கிடைத்த நாள், இன்னொன்றில் நீதிமன்றம் பெற்ற நாள் என்று தொடக்கப் புள்ளியே வேறுபடுவதால், அறிவிப்பு வந்த உறையையும் மின்னஞ்சலையும் தூக்கி எறியாமல் கோப்பில் வைத்து, மாநிலப் பதிவேட்டில் உத்தரவு எந்த நாளில் ஏறியது என்பதை அதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.